அக்காவுக்குத் தெரியாதாம்

புக்கிட் மெர்தாஜாம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஞானம் அக்காவுக்கு,

தயாளன் எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்காது. வாட்ஸப்பில் போட்டால், கோலாலம்பூரில் இருக்கும் பேபி மச்சாள் காலைப் பலகாரம் முடிப்பதற்குள் செய்தி மெல்போர்ன் வரை போய்விடும். இது கலியாண விஷயம். அம்மா காலத்திலிருந்து நம் ஆட்கள் குடும்பம் விசாரிப்பது கடிதத்தில்தான். படித்ததும் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். நீங்களும் கிழித்துவிடுங்கள்.

கீர்த்திகாவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவளே பார்த்துக்கொண்டாள். பாயான் லெப்பாஸில் அவள் வேலை செய்யும் பேக்டரியிலேயே பையனும் இன்ஜினியர். பெயர் மெய்யநாதன். புலாவ் தீக்குஸ் அழகு செட்டியாரின் மகன், தாய் பெயர் யமுனா. செட்டியார் வீடு, நம் ஆட்கள் இல்லை; அதற்காக நான் தயங்கவில்லை. இதை இப்போதே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள்.

அந்தப் பையன் பிறந்தது நீங்கள் சிஸ்டராக இருந்த பிரசவ வார்டில்தானாம். "உங்க அக்கா கையிலதான் அங்கிள் நான் மொதல்ல அழுதேன்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். முதல் சந்திப்பிலேயே இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறவனை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு குடும்பத்தின் குணம் வார்டு வாசலில் தெரிந்துவிடும் என்பது நீங்கள் வைத்த சட்டம். பிள்ளை பிறந்ததும் யார் வந்தார்கள், வந்தவன் முதலில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தானா பிள்ளையைப் பார்த்தானா என்பதை வைத்தே ஒரு சொல் எழுதுவீர்கள். ஒன்று 'தங்கம்', இல்லாவிட்டால் 'வேண்டாம்'. ஈப்போவிலிருந்து சிரம்பான் வரை நம் ஆட்கள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து கலியாணம் பேசினார்கள். எனக்கும் அந்த ஒரு சொல் போதும். தங்கமா, வேண்டாமா?

நிச்சயத்தைத் தீபாவளிக்கு முன்பே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் தோன்றுகிறது. கஸ்டம்ஸ் வேலையை விட்டும் அந்தப் புத்தி விடவில்லை.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்புத் தம்பி,
தயாளன்


ஜார்ஜ் டவுன்
9 ஆகஸ்ட் 2025

தம்பி தயாளனுக்கு,

உன் கடிதம் கடல் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குடும்பம் எப்படி என்றால், அதுவும் தெரியவில்லை. கீர்த்திகாவுக்குப் பிடித்திருந்தால் அவளோடு உட்கார்ந்து பேசு.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. சொல்லிக்கொடுத்த எக்ஸர்சைஸை ஒழுங்காகச் செய். காலை நீட்டி மடக்குவதற்குச் சோம்பல்பட்டால் கடைசியில் தடியோடுதான் நடப்பாய். அப்பாவுக்கும் அதுதான் நடந்தது.

ஞானம்


புக்கிட் மெர்தாஜாம்
15 ஆகஸ்ட் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் முழங்காலுக்குக் கிடைத்த அக்கறையில் பாதிகூட என் மகளுக்குக் கிடைக்கவில்லை. நான் முதல் கார் வாங்கப் போனபோது சிவப்பு நிறம் வேண்டாம் என்று இரண்டு பக்கம் எழுதின கை இது. என் மச்சினனுக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் தகப்பன் சோற்றை மென்றுகொண்டே பேசுகிறவன் என்று தனியாக ஒரு பக்கம் எழுதினீர்கள். இப்போது மட்டும் தெரியாதாம்.

நம் ஆட்களின் பாஷை எனக்குத் தெரியாதா? விசாரித்து எழுதுகிறவர்கள் 'பையன் அமைதியானவன்' என்று எழுதினால் குடிக்கிறவன் என்று அர்த்தம். 'அந்த வீட்டாரோடு அவ்வளவு பழக்கமில்லை' என்றால் அந்தப் பக்கமே போகாதே என்று அர்த்தம். 'சொல்லத் தெரியவில்லை' என்று எழுதினால், எழுத்தில் வைக்க முடியாத அளவுக்கு ஏதோ இருக்கிறது. பட்டர்வொர்த்தில் நான் வேலையில் நின்ற காலத்தில், பெட்டியில் என்ன என்று கேட்டால் துணி, பலகாரம் என்று சொல்கிறவனை விட்டுவிடுவேன். "எனக்குத் தெரியாது சார், வீட்டுல கட்டிக் குடுத்தாங்க" என்கிறவனைத்தான் ஓரமாக நிற்கவைப்பேன்.

ஒன்று, நீங்கள் மறைக்கிறீர்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு நினைவு போகிறது. போகிறதென்றால் கிளினிக்கில் காட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. நிச்சயத்தைத் தள்ளிவைப்போம் என்று அழகு செட்டியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. கீர்த்திகா அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பையன் பிறந்தபோது வார்டு வாசலில் என்ன பார்த்தீர்கள்? ஒன்றும் பார்க்கவில்லை என்றால், 'ஒன்றும் பார்க்கவில்லை' என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நான் நாளைக்கே நிச்சயத்துக்கு நாள் குறிக்கிறேன்.

தயாளன்


ஜார்ஜ் டவுன்
22 ஆகஸ்ட் 2025

தயாளா,

நாலு வரியை வைத்துக்கொண்டு பிள்ளையின் நிச்சயத்தை நிறுத்தினாயா? உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா?

நினைவைப் பற்றி நீ எழுதும் முன்பே எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கிளினிக்கில் டாக்டர் ஃபாத்தின் என்று ஒரு பெண், கீர்த்திகா வயதுதான் இருக்கும். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னாள். சில சொற்களைச் சொல்லிவிட்டு, வேறு என்னென்னவோ பேசி, பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். "ஆன்ட்டி ஓகே லா, எங்க அம்மாவைவிட ஷார்ப்பா இருக்கீங்க" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மூளையில் கோளாறு என்றிருந்தால் ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

முன்பெல்லாம் ஒருவர் வாயைத் திறப்பதற்குள் எனக்கு அபிப்பிராயம் தயாராக இருக்கும். உனக்குத் தெரியும், நீதான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்போது தங்கம் என்று எழுதப் போனால் சுகுமாரன் முகம் குறுக்கே வருகிறது. பெண்டாட்டிக்குத் தன் கையால் சூப் ஊட்டினவன் அவன். வார்டு முழுக்க நர்ஸுகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அவன் வீட்டைப் பற்றி யாரோ கேட்டபோது தங்கம் என்று எழுதினேன். அடுத்த பிள்ளைக்கு அதே பெண் வந்தாள். நான் முதுகைத் துடைத்துவிட்டபோது பெல்ட் பட்ட தழும்புகள். வேண்டாம் என்று எழுதப் போனால் பைராம் தோட்டத்தில் கணக்கெழுதின கிராணியின் மகன் வருகிறான். பிள்ளையையும் பார்க்காமல் பெண்டாட்டியையும் பார்க்காமல், ஜன்னல் பக்கம் போய் ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தவன். அவன் தம்பிக்குப் பெண் கொடுக்கக் கேட்டார்கள், வேண்டாம் என்றேன், அவர்கள் அதை மீறிக் கொடுத்தார்கள். போன வருஷம் அந்தத் தம்பியின் அறுபதாம் கலியாணத்துக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு, பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்காதே. எதைக் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகின வாய்க்குத் தெரியவில்லை என்று சொல்வது கசப்பாகத்தான் இருக்கிறது.

இனி உன் கேள்வி. ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுத என்னால் முடியாது, ஏனென்றால் பார்த்தேன். எழுதாமல் விட்டால் நீ கொலை, கொள்ளை என்று கற்பனை செய்வாய். அதனால் எழுதுகிறேன். பையன் பிறந்து இரண்டு நாள் அழகு வரவேயில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார். வார்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தார். யமுனா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவர் திரும்பிப் போய்விட்டார். அவள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பேனாவை எடுத்த வேகத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருப்பேன். இன்றைக்கு யோசித்தால், ஒரு மனுஷன் வாசலில் நின்றதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஏன் நின்றார் என்று நான் போய்க் கேட்கவில்லை. அதனால்தான் உனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். அதற்கு அர்த்தம் தெரியவில்லை என்பதுதான்.

நிச்சயத்தை நிறுத்தினது தப்பு என்று போய்ச் சொல்.

ஞானம்


புக்கிட் மெர்தாஜாம்
3 செப்டம்பர் 2025

அக்கா,

ஆக, நான் சந்தேகப்பட்டது சரி. ஏதோ இருக்கிறது என்றேன், இருந்தது. நீங்கள் அதற்குப் பிறகு எழுதின வியாக்கியானமெல்லாம் எனக்கு வேண்டாம். பெற்ற பிள்ளையை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவன் எப்படிப்பட்டவன்? அந்த ரத்தம்தானே மகனுக்கும்? நாளைக்குக் கீர்த்திகா பிள்ளையைப் பெற்றுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?

இதைச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை, வழக்கப்படி கிழித்துவிட்டேன். "முப்பது வருஷத்துக்கு முந்தி அவங்க அப்பா எங்க நின்னாருன்னு பார்த்தா நான் கல்யாணம் பண்ணணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டினாள். அவள் அம்மா யோகம் போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது நான் மட்டும்.

அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. எதிர்வீட்டு நூர்ஜானிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது, கேட்டே விடுகிறேன். ஒரு பக்கம் எனக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறீர்கள். மறுபக்கம் அவளுக்கு அறையைத் திறந்துவிடுகிறீர்கள். நீங்கள் யார் பக்கம்?

இன்னொன்று. என்னோடு கஸ்டம்ஸில் இருந்த சீனி முகம்மதை அந்த வீட்டுப் பக்கம் இரண்டு நாள் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், தகப்பன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்க வேண்டியது. அந்த ஆள் ஒரு சிகரெட் கார்ட்டனை வாசனையிலேயே கண்டுபிடிப்பவர். திரும்பி வந்து, "நல்லவங்க லா தயா, விட்டுரு" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. என் கண்ணைப் பார்க்கவும் இல்லை. அவரையும் அவர்கள் சரிக்கட்டிவிட்டார்கள்.

தயாளன்


ஜார்ஜ் டவுன்
11 செப்டம்பர் 2025

தயாளா,

கீர்த்திகா இங்கேதான் இருக்கிறாள். இங்கிருந்து வேலைக்குப் பக்கம் என்று அவளாகச் சொல்லிக்கொள்கிறாள். உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பெட்டி கட்டின அன்றைக்கும் உன் மாத்திரை டப்பாவை மாசம் முழுக்க நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்தாளாம். திறந்து பார்த்தாயா? ஊரார் பெட்டியைத் திறந்தே பழகினவன், இதைப் பார்த்திருக்கமாட்டாய்.

உன் துப்பறியும் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். சீனி முகம்மது வெயிலில் உட்கார்ந்து மயங்கிச் சாயப் போனாராம். யமுனா வாசலிலிருந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது டம்ளரில் மனுஷன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நீ அனுப்பினது, என்ன பார்க்கச் சொன்னது, என் கடிதம் வரைக்கும். அவரைச் சரிக்கட்டியது மோர்தான்.

அதன் பிறகு யமுனா என்னைப் பார்க்க வந்தாள். கையில் சீப்புச் சீடை டின். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்தது. என் காதுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சிஸ்டர், நான் சண்டை போட வரல. உங்க தம்பி எங்களைப் பத்தி உங்ககிட்ட விசாரிச்சாரு. அதேமாதிரி நானும் கேக்கலாம் இல்லையா? உங்க தம்பி எப்படிப்பட்ட ஆளு?" என்றாள்.

கேட்டது நியாயம்தான். பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கு எழுதமாட்டேன். விசாரிக்கிறவர்களுக்குச் சொன்னதை மற்றவர்களுக்குச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. நீதான் வழக்கம், வழக்கம் என்று ஆரம்பித்தாய்.

யார் பக்கம் என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் உன்மேல் ஒரு சந்தேகம் உண்டு. உனக்கு அந்தப் பையனிடம் ஒரு குறை வேண்டும். அவன் நன்றாகச் சிரித்தால் இனிப்பாகப் பேசுகிறான், சீக்கிரம் நாள் குறித்தால் அவசரப்படுகிறான். உனக்குக் குறை கிடைக்கவில்லை, என்னிடம் வாங்கப் பார்த்தாய். அவள் போனால் அந்த வீட்டில் நீ தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதானே? அப்படியானால் அப்படி எழுது. அதற்கு அழகு செட்டியாரை ஏன் இழுக்கிறாய்?

ஞானம்


புக்கிட் மெர்தாஜாம்
16 செப்டம்பர் 2025

அக்கா,

மற்றதற்கெல்லாம் பிறகு பதில் எழுதுகிறேன். யமுனாவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்?

எனக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. எழுபது வயதாகிறது. வேலையில் ஒரு நாள் ஒருவனிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. யோகத்தைக் கடைசி நாள்வரை நானேதான் பார்த்துக்கொண்டேன், ஆள் வைக்கவில்லை. பெண் பிள்ளையைத் தனியாகக் கரை சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கூடப்பிறந்த தம்பியைப் பற்றி அந்நியர் கேட்டால் தங்கம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்குமென்று நம்புகிறேன். வரவில்லையோ என்ற சந்தேகத்தில் தூக்கம் போய்விட்டது.

உடனே எழுதுங்கள்.

தயாளன்


ஜார்ஜ் டவுன்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இதை எழுதலாமா என்று நாலு நாளாக யோசித்தேன். எழுதாமல் விட்டால் நீ தூங்கமாட்டாய்.

யமுனாவிடம் உன்னைப் பற்றித் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

கோபப்படு. ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. அவள் கேட்டதும் தங்கம் என்றுதான் வாயில் வந்தது. அதே நேரத்தில் கீர்த்திகா பிறந்த நாளும் வந்து நின்றது. உங்கள் இருவருக்கும் எத்தனை வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அவள். யோகத்துக்கு அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தோம். நான்தான் குளிப்பாட்டிச் சுற்றிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். நீ யூனிபார்மோடு வந்தாய். வார்டு வாசலில் நின்றாய். யோகம் எழுந்திருக்க முடியாமல் தலையை மட்டும் தூக்கி, 'உள்ளே வாங்கோ' என்று கையைக் காட்டினாள். நீ திரும்பிப் போய்விட்டாய். மறுநாள் சாயங்காலம்தான் வந்தாய். கையில் திராட்சைப் பழம் வைத்திருந்தாய், அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீ என் தம்பி என்பதால் நான் அதைப் பற்றி அன்றைக்கு அபிப்பிராயம் வைத்துக்கொள்ளவில்லை. அழகு யாரோ என்பதால் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் நின்றது ஒரே வாசல், தயாளா. உன்னுடையது வேறு என்று உனக்கு இப்போது தோன்றும். தோன்றினால் அதை எழுதி அனுப்பு. எப்படி வேறு என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

யமுனாவிடம் நானும் ஒன்று கேட்டேன். அன்றைக்கு உன் வீட்டுக்காரர் ஏன் அப்படிப் போனார் என்று. "எனக்கும் தெரியாது சிஸ்டர். கேக்கணும் கேக்கணும்னு மொத வருஷம் பூரா நினைச்சிட்டு இருந்தேன். அப்புறம் பையனுக்கு டெங்கி வந்துச்சு. காய்ச்சல் விடுற வரைக்கும் மனுஷன் அவனைக் கீழயே எறக்கல. அவருக்குச் சாப்பாடுகூட நான்தான் ஊட்டிவிட்டேன். அதுக்கப்புறம் கேக்கத் தோணல" என்றாள். அவள் சொன்னது உண்மையா என்று கேட்பாய். அதுவும் எனக்குத் தெரியாது. நல்லவிதமாகத்தான் சொன்னாள்.

நான் உன்னைப் பற்றித் தெரியவில்லை என்று சொன்னதும் அவள் சீடை டின்னைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். அதற்குள் கீர்த்திகா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஆன்ட்டி, டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். யமுனா அவள் பின்னாலேயே போய்விட்டாள். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என் காதுக்கு எட்டவில்லை. போகும்போது, "பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா போதும் சிஸ்டர், உங்க தம்பி மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலைப் பற்றி நான் கீர்த்திகாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. ஆனால் அவள் இரண்டு நாளாக என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். "மாமி, அப்பா சம்மதிக்காட்டா நான் ரிஜிஸ்டர் பண்ணிடவா?" என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். உன்னைப்போல அவள் அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடிக்கவில்லை. அழுதாள்.

அவள் ரொம்ப நாள் காத்திருக்கமாட்டாள். காத்திருக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அக்கா


புக்கிட் மெர்தாஜாம்
10 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்றே என்னுடையது வேறு என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அழகு செட்டியார் கையெழுத்துப் போட்டாலும் பொருந்துகிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

அன்றைக்கு வாசலிலிருந்து இறங்கிக் காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் கெப்பாலா பத்தாஸ் வரை போனேன். அங்கே வயலோரமாக நிறுத்திவிட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏன் போனேன் என்பதற்கு இத்தனை வருஷமாக என்னிடம் ஒரு பதில் இருந்தது. யோகத்தின் மூக்கில் குழாய், வெளுத்துப்போன முகம், அதைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்பது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் போன வாரம் முழுக்க அந்தப் பதிலையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்து பெண் பிள்ளையா என்று நினைத்தேனா? அப்படி நினைக்கவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தவன் நான். இப்போது செய்யமாட்டேன். யோகம் இருந்தால் கேட்டிருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளும் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் அதை மறந்துவிட்டாள் என்றல்லவா நான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் என்மேல் எழுதின சந்தேகத்துக்கும் பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம் அக்கா. அவள் போனால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குப் பயம். இந்த ஒரு மாசம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன். மாத்திரை டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் இருந்தது. இரவு மாத்திரைப் பக்கம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி ஒரு சின்னத் துண்டுக் காகிதம். மாத்திரை தீர்ந்துவிட்டது, காகிதத்தை எடுக்கவில்லை.

சீனி முகம்மது நேற்று வந்திருந்தார். அந்த வீட்டில் என்ன பார்த்தாய், உண்மையைச் சொல் என்று திரும்பவும் கேட்டேன். "அந்த ஆளு அவர் மகனுக்குச் சட்டை அயர்ன் பண்ணிக்கிட்டு இருந்தாரு லா. வேற என்ன சொல்லச் சொல்ற?" என்றார். அதில்கூட எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முப்பது வயது மகனுக்குத் தகப்பன் எதற்குச் சட்டை தேய்க்க வேண்டும்? பிறகு, கீர்த்திகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட யூனிபார்மை நான்தான் தேய்த்தேன் என்று ஞாபகம் வந்தது. என்னால் ஒரேயடியாக மாற முடியாது, அக்கா. மெய்யநாதன் இனியும் அதிகமாகச் சிரித்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அழகு செட்டியாருக்குப் போன் செய்தேன். தை மாதம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சரி என்றார். நான் போனை வைக்கப் போனேன். "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கீர்த்திகாவிடம் இதைச் சொல்லாதீர்கள், நானே வந்து சொல்கிறேன். அவள் பிறந்த அன்று நடந்ததையும் நானேதான் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, பிறகு யாராவது ஒரு வண்டிக்காரன். உங்கள் தெரு வரை வந்துவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட் வரைக்கும்கூட வந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவன். காரும் இப்போது இல்லை, முழங்காலும் சரியில்லை, ஆனாலும் நம்ப முடியாது. அதனால் கீர்த்திகாவிடம் இது ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். அப்பா வெளியே நிற்பது தெரிந்தால் உள்ளே இருந்து கூப்பிட வேண்டாம். எழுந்து வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

தம்பி,
தயாளன்